முக்காலில் அரை போனால் ஒன்றா?

முக்கால் கிலோ இலவம்பாடி முள் கத்தரிக்காய் வாங்கி, அரை கிலோவைப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள எடுத்தால் மீதி எவ்வளவு? வேலூர் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் கால் கிலோ என்பார்கள். அதையே 3/4 − 1/2 என்று நோட்டில் எழுதிக் கொடுங்கள். மேலே 3−1, கீழே 4−2, விடை 2/2 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. 2/2 என்றால் முழு ஒரு கிலோ. எடுக்க எடுக்கக் கூடுகிற கத்தரிக்காய்!

முழுசை எத்தனை பங்காகப் போட்டோம் என்பதுதான் கீழ் எண். அதைக் கழிக்கவே கூடாது. அரையை இரண்டு காலாக மாற்றினால் போதும், மூன்று காலில் இரண்டு கால் போக ஒரு கால்.

அடுத்தது, கீழ் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு மேலே உள்ளதை அப்படியே விடுவது. முக்கால் ஏக்கரில் 1/3 ஏக்கர் வேர்க்கடலைக்குப் போனால் மீதி 9/12 − 4/12 = 5/12 ஏக்கர், சுமார் 41.7 சென்ட். 3/12 − 1/12 என்று போட்டால் வருவது 2/12தான். கால் ஏக்கர் காகிதத்திலேயே காணாமல் போகிறது.

ஆனால் அதிகம் பேர் வழுக்குவது கடன் வாங்கும் இடத்தில்தான். ஏழேகால் இன்ச் பலகையில் 2 5/8 இன்ச் அறுத்தெடுக்க வேண்டும். (ரம்பம் தின்னும் தூளை இப்போதைக்கு விடுங்கள்.) 1/4 என்பது 2/8. இரண்டில் ஐந்து போகாது என்றதும் திருப்பிப் போட்டு, 5−2=3, விடை 5 3/8 என்பார்கள். சிலர் கடன் வாங்குவார்கள், ஆனால் பழக்கதோஷத்தில் பத்தாக வாங்கி 12−5=7, விடை 4 7/8 என்பார்கள். இரண்டுமே தப்பு.

ஆசாரிகளுக்கு இந்தக் குழப்பம் வராது. அவர்கள் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். 7 இன்ச் 2 நூலில் ஒரு இன்ச்சை உடைத்தால் 6 இன்ச் 10 நூல். அதில் 2 இன்ச் 5 நூல் போக மீதி 4 இன்ச் 5 நூல், அதாவது 4 5/8. சந்தேகமா? திரும்பக் கூட்டுங்கள், 6 இன்ச் 10 நூல் வந்துவிடும்.

அப்புறம், கால்குலேட்டர் தட்டுபவர்களுக்கு ஒன்று. ஐந்தரை அடி என்பது 5 அடி 6 இன்ச், அதை 5.6 என்று போடாதீர்கள், 5.5 என்று போடுங்கள். 5.6 அடி என்றால் 5 அடி 7 இன்ச்சைத் தாண்டிவிடும்.