‘45 நாள் ஆகட்டும்’ என்பதில் தொடங்கும் தவறு

நாள் தள்ளிப் போனால் நம் வீடுகளில் முதலில் கிளம்பும் பேச்சு, “45 நாள் ஆகட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்பதுதான். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகத் தேவைப்படும் வைட்டமின் ஃபோலிக் அமிலம். அதைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு எனக்குத் தெரிந்து இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 நாளைக் கடைசி மாதவிலக்கு வந்த நாளிலிருந்து எண்ணுகிறோம். 28 நாளுக்கொரு முறை விலக்காகும் பெண்ணுக்குக் கரு உருவாவது சுமார் 14ஆம் நாளில். ஆக, 45ஆம் நாளில் கருவுக்கு வயது 31 நாள். பிள்ளையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் நரம்புக் குழாயோ கரு உருவான 28ஆம் நாளுக்குள்ளேயே மூடிக்கொள்ள வேண்டியது. அது சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகுத்தண்டில் திறப்போடு பிறக்கலாம். மண்டையோடே உருவாகாமலும் போகலாம். மூடும்போது தாயின் ரத்தத்தில் ஃபோலிக் இருக்க வேண்டும். மூட வேண்டிய நாள் கடந்த பிறகு மாத்திரை போட்டு அந்தத் திறப்பைச் சரிசெய்ய முடியாது.

அதனால், பிள்ளைக்குத் தயாராகும்போதே, கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும். தினம் 400 மைக்ரோகிராம், கர்ப்பத்தின் 12ஆம் வாரம் முடியும்வரை. இங்கே தடையாக நிற்பது காசு இல்லை, கூச்சம். “கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகுது சிஸ்டர், அதுக்குள்ள மாத்திரை கேட்டா மாமியார் என்ன நினைப்பாங்க?” என்று தயங்கும் பெண்கள் ஏராளம். மாமியாரும் கூட வந்து கேட்டு வாங்கிக்கொடுத்தால் பிரச்சினையே இல்லை. இரண்டாவது பிள்ளைக்காக காப்பர்-டியை எடுக்கப் போகிறவர்கள் அதே நாளில் கேட்டு வாங்கிவிடலாம்.

“நாலாம் மாசம் சிவப்பு மாத்திரை தருவாங்களே, அது போதாதா?” என்பார்கள். போதாது. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக்கும் இருக்கின்றன. ஆனால் அது ரத்தசோகைக்காக, மூன்று மாதம் கழிந்தபின் 180 நாளுக்குத் தருவது. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் உண்டு. அதையும் விட்டுவிடக் கூடாது. ‘பிள்ளை கறுப்பாகப் பிறக்கும்’ என்று பயந்து ஜன்னல் மேட்டில் அட்டை அட்டையாகச் சேர்த்து வைக்கிறார்கள். கறுப்பது மலம் மட்டும்தான். மாத்திரையோடு டீ குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது.

அடுத்தது ரேஷன் அரிசி. முறத்தில் போட்டுப் புடைக்கும்போது கொஞ்சம் நிறம் மாறிய மணிகள் தென்படும். களையும்போது சில மிதக்கும். ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக், பி12 கலந்து இயந்திரத்தில் மணியாக வார்த்தவை அவை. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு என்று சேர்க்கப்பட்டவை. எறிந்தால் சத்தைத்தான் எறிகிறோம். அதற்காக அதை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்துவதும் தவறு: ஒரு கிலோவில் 75 முதல் 125 மைக்ரோகிராம்தான் ஃபோலிக். நாளுக்கு 400 கிராம் அரிசி சாப்பிட்டாலும் 30லிருந்து 50தான் தேறும்.

உணவில் இயற்கையாக இருக்கும் ஃபோலிக்கை ஃபோலேட் என்பார்கள். அது தண்ணீரில் கரையும், சூட்டில் குறையும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் பாதிப் பலன் சாக்கடைக்குப் போனதுபோலத்தான். பயறு வெந்த தண்ணீரை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாதுளையும் ஆப்பிளும் வாங்க முடியவில்லையே என்று வருந்தவே வேண்டாம். அவித்த தட்டைப்பயறு 100 கிராமில் சுமார் 200 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது, ஆப்பிள் அதன் பக்கத்தில்கூட வராது.

முந்தைய பிள்ளை முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்திருந்தால் 400 மைக்ரோகிராம் போதாது. அவர்களுக்குப் பத்து மடங்கு, அதாவது 4 மில்லிகிராம் தேவை என்று 1991இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அந்த அளவு குறை திரும்ப வருவதை 72 சதவீதம் குறைத்தது. அதற்காகப் பத்துச் சத்து மாத்திரைகளை ஒன்றாக விழுங்கக் கூடாது, மற்ற வைட்டமின்கள் அளவு மீறிவிடும். மருத்துவரிடம் கேட்டு ஃபோலிக் மட்டும் உள்ள மாத்திரையை வாங்குங்கள். வலிப்புக்கு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்தாமல், கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.