சுவரில் ஓதமா? பட்டி பார்ப்பதற்கு முன் தண்ணீர் வரும் வழியைப் பிடியுங்கள்

கூடத்துச் சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை தெரிந்ததும் பலரும் முதலில் கூப்பிடுவது பெயின்டரை. அவர் சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட்டிங் அடித்துவிட்டுப் போவார். சில மாதங்களில் அதே இடம் பொக்கையாகி உதிரும். பட்டியின் மேல் பழி சொல்லிப் பயனில்லை. சுவருக்குள் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எந்தப் பட்டியும் நிற்காது.

அடுக்குமாடி வீட்டில் இன்னொரு சிக்கல், கறை தெரியும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேல் வீட்டுக் குளியலறையில் தளத்துக்குள் இறங்கும் தண்ணீர் விரிசல், ஒயர் போகும் குழாய் என்று எது வழிவிடுகிறதோ அதைப் பிடித்து ஓடும். கடைசியில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டும். அதனால் கறைக்கு நேர் மேலே டைல்ஸை உடைத்துப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. உடைப்பது கடைசிப் படி. அதற்கு முன் செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன.

உடனே கவனிக்க வேண்டியவை

லைட் பாயின்ட், ஃபேன் கொக்கி, சுவிட்ச் போர்டு பக்கம் ஈரம் வந்திருந்தால் அந்தப் பகுதியின் எம்சிபியை (மெயின் பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிடுங்கள். எது என்று தெரியாவிட்டால் மெயினையே நிறுத்துங்கள். கை காய்ந்திருக்க வேண்டும், நிற்கும் தரையும் காய்ந்திருக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மறுபடி போட வேண்டாம்.

கூரையில் பெயின்ட் பை மாதிரி தொங்கினால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது. அடியில் வாளியை வைத்து, சற்றுத் தள்ளி நின்று, நீளக் குச்சியின் முனையில் கட்டிய ஆணியால் சிறு ஓட்டை போட்டு வடித்துவிடுங்கள். தானாகக் கிழிந்தால் பூச்சும் சேர்ந்து விழும். வெறும் பெயின்ட் உரிவது வேறு. கான்கிரீட்டே பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, நேர்கோட்டு விரிசலோடு துருக் கறை இறங்கினாலோ, அதைக் கட்டடப் பொறியாளர்தான் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கும். மேலே பூசி மறைத்தால் உள்ளே அரிப்பு தொடரும்.

ஒரு வாரம், ஒரு பென்சில்

கறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுச் சுற்றி, பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதுங்கள். ஓர் அளவுகோலை ஒட்டிவைத்துப் படம் எடுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் பார்த்து, கறை கோட்டைத் தாண்டினால் புதுக் கோடு போடுங்கள். மழை பெய்ததா, துணி துவைத்தார்களா, ஏசி ஓடியதா, வீட்டில் யாருமில்லாத நாளா என்பதையும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஒரு வாரம் போதும். பாதிக் காரணங்கள் இந்த நோட்டிலேயே கழிந்துவிடும்.

இரவும் பகலும், யார் குளித்தாலும் குளிக்காவிட்டாலும் ஒரே சீராக ஈரம் இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகிக்கலாம். காலையில் குளியல் முடிந்து சில மணி நேரத்தில் கறை கருத்து, ஊருக்குப் போன நாட்களில் வெளுத்தால் கழிவுநீர் இணைப்பு அல்லது குளியலறைத் தரை. மழைக்குப் பின் மட்டும் என்றால் வெளிச்சுவர், ஜன்னல், மொட்டைமாடி. ஏசி ஓடும் நாட்களில் மட்டும் என்றால் அதன் வடிகுழாய் அடைத்திருக்கும், அல்லது சுவரில் துளைத்த ஓட்டை வெளிப்பக்கம் சாயாமல் உள்பக்கம் சாய்ந்திருக்கும். இந்த ஓட்டையைப் பலரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது, ஐந்து நிமிட வேலை.

தரைத்தள வீட்டில் மட்டும் வருவது ஒன்று உண்டு. மண்ணிலிருந்து சுவர் ஈரத்தை உறிஞ்சி ஏறும் ஓதம். தரையிலிருந்து தொடங்கி, பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். மேல் விளிம்பில் வெள்ளை உப்பு வரியாகப் பூத்திருக்கும். இரண்டாம் மாடியில் யாராவது 'மண் ஓதம்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சையா என்ற குழப்பம் வந்தால் கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் போடுங்கள். உப்பு கரையும், பூஞ்சை கரையாது. உப்பு என்றால் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்று அர்த்தம். சுவரில் உப்பு இல்லாமல், மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளிகள் மட்டும் இருந்தால், அறைக் காற்றின் ஈரமே குளிர்ந்த சுவரில் படிகிறது என்று சந்தேகப்படலாம்.

அதை உறுதி செய்ய ஒரு சோதனை. சுமார் 30 சென்டிமீட்டர் சதுரமாகத் தெளிவான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் பதியுங்கள். 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உதிரும் பெயின்டின் மேல் டேப் ஒட்டாது, ஓரம் தூக்கிக்கொண்டால் சோதனை செல்லாது. சுவரில் குத்திப் பார்க்கும் ஈரமானியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். உப்புப் பிடித்த சுவரில் அது காய்ந்த இடத்தையும் ஈரம் என்று காட்டும்.

மேல் வீட்டுக் கதவைத் தட்டுவது

சோதனைகளில் பாதி மேல் வீட்டில்தான் நடக்க வேண்டும். "உங்க வீட்டுத் தண்ணிதான் ஒழுகுது" என்று ஆரம்பித்தால் அவர்கள் மறுப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அங்கே எந்தக் கசிவும் இல்லை. நோட்டையும் படங்களையும் காட்டி, "எங்கிருந்துன்னு தெரியலைங்க, ரெண்டு நாள் சேர்ந்து பார்க்கலாமா" என்று கேளுங்கள். குளியலறையை ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் பயன்படுத்த முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வயதானவர்கள், கைக்குழந்தை உள்ள வீடு என்றால் அவர்களுக்கு வசதியான நாளாகப் பார்க்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் பொதுவான ஒரு பிளம்பர் இருந்தால் பின்னால் சண்டை குறையும்.

எந்தக் குழாய், எந்தத் தரை

வரிசை முக்கியம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நனைத்துவிட்டால் எது கசிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு சோதனைக்கும் பின் குறைந்தது ஒரு நாள் பொறுத்து, கீழே பென்சில் கோட்டைப் பாருங்கள். தளத்தில் ஏற்கெனவே ஊறிய தண்ணீர் ஓரிரு நாள் சொட்டும் என்பதால், முடிந்தவரை கறை சற்று உலர்ந்த பிறகு தொடங்குங்கள்.

முதலில் தண்ணீர்க் குழாய். தனி மீட்டர் இருந்தால் எல்லாக் குழாயையும் மூடி, மீட்டரில் உள்ள எண்ணைக் கடைசி இலக்கம் வரை குறித்து, இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் தொடாமல் பாருங்கள். எண் நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஆனால் அது ஃப்ளஷ் தொட்டியாகவும் இருக்கலாம். தொட்டியில் கொஞ்சம் நிறப்பொடி கரைத்து, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே உள்ள ரப்பர் வாஷரை மாற்ற வேண்டும். சுவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மீட்டர் இல்லாத வீட்டில் பிளம்பரின் கைப்பம்பு உதவும். குளியலறை வால்வை மூடி, ஒரு குழாய் வாயில் பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, அழுத்தமானி முள் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். குளிர்நீர், வெந்நீர் வழிகளைத் தனித்தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். வெந்நீர்க் குழாய் சூட்டில் நீண்டு சுருங்குவதால் அதன் இணைப்புகள் சீக்கிரம் விடும்.

அடுத்து கழிவுநீர். தரையை நனைக்காமல், ஒரு ஹோஸை நேராக நகானி டிராப்புக்குள் (தரைத் தண்ணீர் வடியும் ஜல்லடை வாய்) விட்டு நான்கைந்து வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் கறை வளர்ந்தால் டிராப்புக்குக் கீழே உள்ள குழாய் அல்லது இணைப்பு. வாஷ்பேசின், கழிப்பறைக் கோப்பை ஒவ்வொன்றையும் இதே போல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, தரையில் தண்ணீர் கட்டும் சோதனை. இதில்தான் தவறுகள் அதிகம். டிராப்பை அடைக்கும்போது அடைப்பு தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே, குழாய்க்குள் உட்கார வேண்டும். ஜல்லடைத் தட்டின் மேல் பிளாஸ்டிக்கை விரித்து மூடினால், பெரும்பாலும் கசியும் இடமான டிராப் விளிம்புக்கே தண்ணீர் போகாது. "தரை நல்லா இருக்கு" என்ற பொய்யான முடிவு வரும். 2.5 முதல் 5 சென்டிமீட்டர் உயரம் நிரப்புங்கள், வாசல் நிலையைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் வேண்டாம்; ஒவ்வொரு சென்டிமீட்டரும் சதுர மீட்டருக்கு 10 கிலோ எடை. தண்ணீர் மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறியுங்கள். பாத்திரத்தில் 2 மில்லிமீட்டர் குறைந்து தரையில் 8 மில்லிமீட்டர் குறைந்திருந்தால், வித்தியாசம் ஆவியாகப் போனதல்ல. கீழே லைட் பாயின்ட்டில் சொட்ட ஆரம்பித்தால் உடனே அடைப்பை எடுத்துவிடுங்கள்.

நிறப்பொடி கலந்து விடுவதும் உண்டு. கீழே நிறம் இறங்கினால் முடிவு உறுதி. இறங்காவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, கான்கிரீட்டும் மணலும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். டைல்ஸ் இடுக்கிலும் கறை படியும், மேல் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இது மூன்றும் சரியாக இருந்து குளித்தால் மட்டும் கசிகிறது என்றால், ஷவர் தண்ணீர் படும் சுவர்தான். ஷவரைச் சுவரை நோக்கித் திருப்பி 20 நிமிடம் ஓட விட்டு, பொறுத்துப் பாருங்கள்.

எதற்கு எது மருந்து

சுவர் டைல்ஸ் இடுக்கு விட்டிருந்தால் பழைய சாந்தை டைல்ஸ் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்காவது சுரண்டி, நன்கு காயவிட்டு, எபாக்சி கிரவுட் (பிசின் கலந்த இடுக்குச் சாந்து) நிரப்ப வேண்டும். மேலோட்டமாகத் தடவினால் சில வாரங்களில் பெயரும். சுவரும் தரையும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம். இரண்டும் தனித்தனியாக அசைவதால் விரிசல் விடும், அங்கே சிலிகான்தான். பழைய சிலிகானின் மேல் புதியது ஒட்டாது. பழையதை முழுக்க உரித்து, துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது.

தரை கசிந்தால் கிரவுட் மட்டும் போதாது. டைல்ஸ் இடுக்கு தண்ணீரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. தடுப்பது அடியில் உள்ள வாட்டர்புரூஃபிங் பூச்சு. டிராப்பைச் சுற்றி மட்டும் கசிகிறது என்று உறுதியானால் சுற்றிலும் ஒரு அடி அளவுக்கு உடைத்து, குழாய்க்கும் தளத்துக்கும் இடையிலான இடைவெளியைச் சுருங்காத கிரவுட்டால் அடைத்து, பூச்சை இரண்டு கோட்டிங், ஒன்றுக்கு ஒன்று குறுக்காக அடிக்க வேண்டும். முழுத் தரையும் போனது என்றால் தளம்வரை உடைத்துத்தான் ஆக வேண்டும். அப்போது பூச்சைச் சுவரிலும் 30 சென்டிமீட்டர் ஏற்றி, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். தரை வாட்டம் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது இருக்கட்டும். டைல்ஸ் பதிக்கும் முன்பே மறுபடி 24 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கொத்தனார் அவசரப்படுத்துவார், விட்டுக்கொடுக்காதீர்கள். டைல்ஸ் பதித்த பிறகு தவறு தெரிந்தால் மறுபடி உடைக்க வேண்டும்.

வெளிச்சுவர் விரிசலை வெளியிலிருந்துதான் அடைக்க வேண்டும். உள்ளே தடவும் ஓதத் தடுப்புப் பெயின்ட் தண்ணீரை நிறுத்தாது, பக்கத்துச் சுவருக்குத் தள்ளிவிடும். காற்றின் ஈரம்தான் காரணம் என்றால் குளித்ததும் எக்ஸாஸ்ட் ஃபேனை இன்னும் கால் மணி நேரம் ஓடவிட்டு, கட்டில், அலமாரியைச் சுவரிலிருந்து 5 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளிப்போட்டாலே பெருமளவு குறையும். பூஞ்சையைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கலாம். பிளீச்சிங் கரைசலோடு ஆசிட்டையோ அமோனியா உள்ள கிளீனரையோ சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் மூச்சுக்கோளாறுகளும் ஆஸ்துமாவும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதல் சொல்கிறது. வேலை முடியும்வரை குழந்தைகளின் படுக்கையை அந்த அறையிலிருந்து மாற்றுங்கள்.

இப்போது சுவர்

கசிவு நின்ற பிறகு, உப்புப் பூத்த பூச்சைக் கறையின் ஓரத்துக்கு அப்பால் 30 சென்டிமீட்டர் வரை கொத்தி எடுங்கள். செங்கல்லில் உள்ள உப்பைக் காய்ந்த பிரஷால் தட்டி அள்ள வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும். பிறகு காயவிடுவது. சுவரின் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டர் கனத்துக்கும் சுமார் ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. ஃபேன் வைத்தால் கொஞ்சம் முந்தும். ஹீட்டர் வைத்துச் சூடேற்றினால் மேல்பகுதி மட்டும் காய்ந்து ஏமாற்றும். பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடி செய்து, தாளுக்குப் பின்னால் ஈரமில்லை என்று ஆன பிறகே பூச்சு வேலை.

ஒரு பங்கு சிமென்டுக்கு நான்கு பங்கு மணல், நீர்த்தடுப்புத் திரவம் டப்பாவில் சொன்ன அளவு. ஜிப்சம் பூச்சு இந்த இடத்தில் வேண்டாம், ஈரம் பட்டால் இளகும். ஏழு நாள் நீராட்டி, அதன்பின் மூன்று வாரமாவது காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்துப் பெயின்ட் அடியுங்கள். அதற்குள் அடித்தால் சிமென்டின் காரமே பெயின்டைத் திட்டுத்திட்டாக வெளுக்க வைக்கும், ஓதம் திரும்பி வந்துவிட்டதோ என்று வீண் பயம் வரும்.