எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஈட்டிங் டிஸார்டர் பரிசோதனை: முதல்முறை போகிறவர்களுக்கு

எடை குறைவதற்காக இரைப்பையை வெட்டிச் சிறிதாக்குகிற ஸ்லீவ் ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அடுப்படியில் லைட்டைப் போடாமல் நின்று காராச்சேவு டப்பாவைத் திறக்கிற ஆளாகியிருந்தேன். மூடி டங்கென்று சத்தம் போட்டுவிடக் கூடாதென்று அதன்மேல் துண்டைப் போட்டுத் திறப்பேன். ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் “நல்லா மெலிஞ்சுட்டியே, என்ன பண்ணுன?” என்று கேட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இது.

சாப்பாட்டுப் பழக்கம் கைமீறிப்போகிற இந்த மாதிரி மனநலத் தொந்தரவுக்குத்தான் ஈட்டிங் டிஸார்டர் என்று பெயர். அதற்கான பரிசோதனைக்குப் போவது பற்றி அப்போது எனக்குத் தேவைப்பட்ட விவரங்களை இங்கே எழுதுகிறேன். என் எடை எத்தனை கிலோ என்பதை மட்டும் விட்டுவிடுகிறேன். அதைப் படித்தால் உங்கள் எடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள், நானும் அப்படித்தான் செய்வேன்.

1. போக வேண்டுமா, வேண்டாமா?

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுவார்கள். அதனால் ஒரு இட்லியோடு எழுந்திருப்பது, அவசரமாகச் சாப்பிட்டால் எதுக்களிப்பது, பருத்திப்பால் குடித்த அரைமணி நேரத்தில் படபடப்பும் வியர்வையுமாக உட்கார்ந்துவிடுவது, இதெல்லாம் ஆபரேஷனோடு வருகிற சங்கதிகள். இனிப்பு சீக்கிரம் குடலுக்கு இறங்குவதால் வருகிற அந்தப் படபடப்புக்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ், அதாவது இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேராக இணைக்கிற எடைக்குறைப்பு ஆபரேஷன் (இதய பைபாஸ் இல்லை) செய்தவர்களுக்கு அது இன்னும் அதிகம். இவற்றையெல்லாம் மனநோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வேறு சில விஷயங்களைக் கவனியுங்கள். நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லையா? காலையிலிருந்து ராத்திரிவரை மிக்சர், பிஸ்கட், முறுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்கிறீர்களா? எடை ஏறிவிடுமோ என்று பயந்து வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, மென்று துப்புவது, டயட்டீஷியன் கொடுத்த அளவைக்கூடச் சாப்பிடாமல் விடுவது இதில் ஏதாவது உண்டா? நம் வீடுகளில் செவ்வாய், வெள்ளி, ஏகாதசி என்று விரதத்துக்குப் பஞ்சமில்லை. சாமிக்காக இருக்கிறேனா, எடை மெஷினுக்காக இருக்கிறேனா என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒன்று, ஒன்றரை வருஷத்தில் எடை இறங்குவது நிற்கும். பலருக்குத் தொந்தரவு தலைகாட்டுவதும் அப்போதுதான்.

2. முதலில் சர்ஜனிடம் போங்கள்

நான் இந்தப் படியைத் தாண்டிப் போனேன், ஒரு மாதம் வீணானது. வாந்தி என்றால் அது மனசால்தான் வருகிறது என்று இல்லை. இரைப்பைக் குழாய் எங்காவது சுருங்கியிருந்தாலும் வரும். அதை எண்டோஸ்கோபி செய்து பார்த்துவிடலாம். ரத்தத்தில் பொட்டாசியம், மெக்னீசியம், பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி எல்லாம் பார்ப்பார்கள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். அதனால் இ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்லலாம்.

இதில் ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. நாள்கணக்கில் வாந்தி நிற்காமல், கூடவே பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம் இவற்றில் ஏதாவது வந்தால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அது தயமின் என்கிற பி1 வைட்டமின் தீர்ந்துபோனதன் அடையாளமாக இருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால் எடைக்குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்று சொல்லிவிடுங்கள். தயமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் நிலைமை மோசமாகலாம்.

3. யாரிடம் போவது?

மனநல மருத்துவரும் பார்க்கலாம், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் பார்க்கலாம். மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர். மதுரையில் நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில், மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் போவதானால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: “ஈட்டிங் டிஸார்டர் பாப்பீங்களா? எனக்கு பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆகியிருக்கு.” பேரியாட்ரிக் என்றால் எடைக்குறைப்பு ஆபரேஷன்தான். நான் இதைக் கேட்காமல் போன ஓர் இடத்தில், “கட்டுப்பாடு வேணும்மா, ஆபரேஷன் மட்டும் போதாது” என்று பத்து நிமிஷம் அறிவுரை கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

யாரிடம் போவதென்றே தெரியவில்லை என்றால் 14416க்குப் போன் செய்யுங்கள். அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

4. நோட்டு

ஒரு வாரம் சாப்பாட்டு நோட்டு எழுதிக்கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு, அப்போது மனசு எப்படி இருந்தது, அப்புறம் என்ன செய்தேன். இவ்வளவு போதும். கலோரிக் கணக்கு வேண்டாம்.

நான் கொண்டுபோன முதல் நோட்டு பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது. காலை முட்டை வெள்ளைக்கரு, மதியம் மீன், இரவு பருப்பு. டாக்டர் ஏழு பக்கத்தையும் புரட்டினார். நீல மை, ஒரே அழுத்தம், ஓரிடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை, ஒரு எண்ணெய்ப் பொட்டு இல்லை. “இது எல்லாம் ஒரே நாள்ல எழுதுனதாம்மா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நான் அழுதுவிட்டேன். முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதினதுதான்.

இரண்டாவது நோட்டில் காராச்சேவு வந்தது, துண்டு வந்தது, ஒரு கெடாவெட்டு விருந்தில் “என்ன இலைய இப்படி வச்சிருக்க?” என்று பெரியம்மா கேட்டதும், வீட்டுக்கு வந்து நான் செய்ததும் வந்தன. அதை வைத்துத்தான் வைத்தியமே ஆரம்பித்தது.

5. உள்ளே என்ன நடக்கும்?

முதல் சந்திப்பு நீளமாகவே போகும். ஆபரேஷனுக்கு முந்தைய சாப்பாட்டுப் பழக்கம், சின்ன வயசில் கேட்ட கேலி, தூக்கம், வீட்டுச் சூழ்நிலை எல்லாம் கேட்பார்கள். மது பற்றியும் கேட்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக பைபாஸில், மது வேகமாக ஏறும், பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. தற்கொலை எண்ணம் வந்ததா என்றும் கேட்கலாம். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான், உள்ளதைச் சொல்லுங்கள். எடை பார்க்கும்போது எண்ணைப் பார்க்க விருப்பமில்லை என்றால், திரும்பி நின்றுகொள்ளலாமா என்று கேளுங்கள். நான் கேட்டேன், சரி என்றார்கள்.

கேள்வித்தாள் ஒன்றும் தரலாம். இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் குழம்புவோம். அவற்றில் பல, ஆபரேஷன் செய்யாதவர்களை மனசில் வைத்து எழுதியவை. ஸ்காஃப் என்கிற ஐந்து கேள்வித் தாளில், மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா என்று ஒரு கேள்வி வரும். ஆபரேஷன் முடிந்த புதிதில் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் போடுவார்கள். வயிறு திணறியதால் நீங்களாக வாந்தி எடுத்தீர்களா என்று இன்னொன்று. தானாக வந்ததா, வரவைத்தீர்களா என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

‘ஒரே நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிட்டீர்களா’ என்பதற்கு நான் இல்லை என்று போட்டேன். உண்மைதானே, இந்த வயிற்றில் அதிகம் எப்படிப் போகும்? ஆனால் டாக்டர் அளவை விட்டுவிட்டு, “அந்த நேரத்துல நிறுத்த முடிஞ்சுதா?” என்று கேட்டார். நம் விஷயத்தில் இந்தக் கேள்விதான் முக்கியம். உள்ளங்கை அளவு காராச்சேவாக இருந்தாலும் நிறுத்த முடியவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கூட வந்தவர்களைக் கொஞ்ச நேரமாவது வெளியே உட்காரச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அவர் பக்கத்தில் இருந்தவரை டப்பா விஷயம் என் வாயில் வரவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கக் கேட்பது உங்கள் உரிமை.

6. கையில் எடுத்துப் போக வேண்டியவை

ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட், இப்போது போடுகிற மாத்திரைகளின் அட்டை. ஸ்லீவா பைபாஸா என்பது தெரிய வேண்டும். பைபாஸ் ஆனவர்களுக்கு மெதுவாகக் கரைகிற சில மாத்திரைகள் சரியாகச் சேராமல் போகலாம், அதைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார்கள்.

7. முடிவு

அன்றைக்கே நோயின் பெயரைச் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு மூன்றாவது சந்திப்பில்தான் சொன்னார்கள். பெரும்பாலும் பேச்சு வழி சிகிச்சை, கூடவே டயட்டீஷியன், தேவைப்பட்டால் மாத்திரை. இன்சூரன்ஸ் இருந்தால் கேட்டுப் பாருங்கள். உடல் நோய்க்குக் கொடுப்பதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது அதே நோட்டையே எடுத்துப் போங்கள். அடித்தல் திருத்தல் ஜாஸ்தியாகிவிட்டது என்று புதிதாக வாங்கி, நல்ல கையெழுத்தில் மறுபடி எழுத உட்கார்ந்துவிடாதீர்கள்.