பழைய போல்ட்டை எடைக்குப் போடாதீர்கள்: புல்லட் கட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி, அறுபதுகளில் வந்த புல்லட் 350 ஒன்றைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். பிரேம் தனியாக, எஞ்சின் தனியாக, டேங்க் மட்டும் புது பெயின்ட்டில் பளபளவென்று இருந்தது. "போல்ட்டு நட்டெல்லாம் எங்கே தம்பி?" என்று கேட்டேன். "எல்லாம் துருப்பிடிச்சுக் கிடந்துச்சுண்ணே. எடைக்குப் போட்டுட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் வாங்கிட்டேன்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. 2009-ல் நான் செய்ததும் இதே காரியம்தான்.

பழைய புல்லட்டைப் பிரித்துப் புதுப்பித்துக் கட்டுபவர்களுக்கு, கழற்றும்போது படம் எடுங்கள், பாகங்களுக்குச் சீட்டு ஒட்டுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

பழைய போல்ட்டை எடைக்குப் போடுவது

1955-ல் இங்கிலாந்தின் ரெடிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைத்தான் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் வரைபடமும் அச்சும் ரெடிச்சுடையவை என்பதால் மரையும் அங்கத்திய அங்குல மரையாகவே இருந்தது. இன்று கடையில் "போல்ட் கொடுங்க" என்றால் கைக்கு வருவது மில்லிமீட்டர் போல்ட்.

இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்துத்தான் நானும் பூட்டினேன். என் வண்டியின் கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடியில் உள்ள அலுமினியக் கூடு) பழைய போல்ட் கால் அங்குலம், அங்குலத்துக்கு 26 மரை. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. அதில் 6 மி.மீ. போல்ட்டைப் போட்டுப் பாருங்கள், விரலாலேயே சுற்றச் சுற்ற உள்ளே போகும். அங்குலத்துக்கு 26 என்றால் மரைக்கு மரை 0.98 மி.மீ. இடைவெளி, மில்லிமீட்டர் போல்ட்டில் அது 1 மி.மீ. இவ்வளவு நெருக்கமாக இருப்பதால்தான் ஏமாற்றம். போல்ட் ஒல்லி, அதனால் மரையின் நுனியை மட்டும் கவ்விப் பிடிக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது கைக்கு நன்றாகப் பிடித்தது போலவே தெரியும்.

மூன்றாவது வாரம் எண்ணெய் கசிய ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்று கால் சுற்றுச் சுற்றினேன். ஸ்பேனர் சட்டென்று லேசானது. போல்ட்டை வெளியே எடுத்தால் அதன் மரைக்குள் அலுமினியம் வெள்ளைக் கம்பிச் சுருளாகச் சுற்றிக்கொண்டு வந்தது. கேஸின் மரை மொத்தமும் உரிந்துவிட்டது. லேத் பட்டறை ஒன்றில் துளையைப் பெரிதாக்கி இன்செர்ட் (உள்ளே மரை உள்ள உறை) போடக் கொடுத்தேன். ட்ரில் சாய்ந்து, போல்ட் ஏறும் காது விரிசல் விட்டது.

வேறு கேஸ் வாங்கிப் போடலாமே என்பீர்கள். எஞ்சின் நம்பர் அடித்திருப்பது அந்தக் கேஸில்தான். அதை மாற்றினால் ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் வேறு, வண்டியில் இருக்கும் எஞ்சின் வேறு. ஆகவே ஆர்கான் வெல்டிங் அடித்து, லெவல் பார்த்து, மறுபடி மரை வெட்டி எடுப்பதற்குள் பதினோரு மாதம் ஓடிவிட்டது. வண்டி வாங்கிய விலையில் பாதி அதற்கே போனது. காயலான் கடையில் அந்த போல்ட்டு மூட்டைக்கு எனக்குக் கிடைத்தது 140 ரூபாய். இன்றைக்கும் அந்தக் கடை வழியே போனால் மனசு ஆறுவதில்லை.

5/16 அங்குலத்தில் வேறு சிக்கல். அந்த அளவில் அங்குலத்துக்கு 22 மரையும் உண்டு, 26 மரையும் உண்டு. இரண்டும் ஒரே தடிமன், ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. 8 மி.மீ. போல்ட் இரண்டு சுற்றுப் போய் இறுகும். "பெயின்ட் அடைச்சிருக்கு" என்று சொல்லி யாராவது நீளக் கம்பி போட்டுத் திருகுவார்கள். அதோடு மரை போயிற்று.

ஸ்பேனரும் இதே கதைதான். 5/16 போல்ட்டின் தலை 13.3 மி.மீ. பதிமூன்று நுழையாது, பதினாலு ஆடும். பதினாலைப் போட்டு நான்கு முறை கழற்றினால் தலை உருண்டையாகிவிடும். இந்த அங்குல போல்ட்டுக்கான விட்வொர்த் ஸ்பேனர் செட் ஒன்று வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் போதும். கூடவே மரையின் இடைவெளியை அளக்க ஒரு த்ரெட் கேஜ்.

பழைய போல்ட்டை டீசலில் ஊறப்போடுங்கள். இரண்டு நாள் கழித்து ஒயர் பிரஷ் போட்டால் பாதிக்கு மேல் நல்லதாகவே இருக்கும். ஜிங்க் பிளேட்டிங் செய்து, எந்தத் துளையிலிருந்து வந்ததோ அதே துளையில் போடுங்கள். தேய்ந்து போனதையும் வீசாதீர்கள். அதே அளவில் புதிது கடைய அதுதான் மாதிரி.

"ஒரிஜினல் சார்" என்ற வார்த்தையில் மயங்குவது

சென்னையில் பழைய பாகம் விற்கும் புதுப்பேட்டைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். உங்கள் உடைந்த பாகத்தைப் பையில் எடுத்துப் போய், விற்கும் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் பாலீஷ் போடலாம், ஆகவே திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹெட்லைட் டூம் (விளக்கைத் தாங்கும் கூடு) அலுமினிய வார்ப்பு. உடைந்து ஒட்டியதாக இருந்தால், உள்பக்கம் விரலை ஓட்டும்போது வெல்டிங் மேடு தட்டுப்படும். மட்கார்டுக்கும் டேங்குக்கும் ஒரு சின்னக் காந்தம் போதும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாமல் நழுவும்.

ரெடிச் பாகம் என்றால் உசத்தி என்று இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறார்கள். மெட்ராஸ் வண்டிக்கு மெட்ராஸ் பாகம்தான் ஒரிஜினல். வருஷத்துக்கு வருஷம் மாறியவையும் உண்டு. உங்கள் வண்டியின் வருஷத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கோடு பார்க்காமல் டேங்கைச் சுரண்டுவது

டேங்கில் இருக்கும் தங்கக் கோடு பிரஷ்ஷால் கையில் இழுத்தது. ஸ்டிக்கர் மாதிரி ஒரே தடிமனில் இருக்காது. வளைவில் கொஞ்சம் தடித்து, முடியும் இடத்தில் மெலியும். சுரண்டும் முன் பட்டர் பேப்பரை வைத்து நகல் எடுங்கள், விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. என்று அதிலேயே எழுதி வையுங்கள். சுரண்டிய பிறகு அதைக் கேட்க ஆளில்லை.

எஞ்சின் நம்பர் மேல் பஃபிங்

கூடவே கூடாது. பளபளப்பாகத் தேய்த்தால் நம்பரும் தேய்ந்துவிடும்.

ஆர்.சி.யைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது

2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் வந்த திருத்தப்படி, முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜாகப் பதியலாம். சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அதன்பின் மறுபதிவுக்கு 5,000. சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்து நீங்களே படியுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்பவரிடம் வண்டி வாங்காதீர்கள்.

எஞ்சின் ஓடும் முன் குரோம்

முதலில் ஓடட்டும்.

அந்தத் தம்பியைக் கூட்டிக்கொண்டு அன்று மாலையே அவர் எடைக்குப் போட்ட கடைக்குப் போனோம். நல்லவேளையாகச் சாக்கு கட்டுப் பிரிக்காமல் மூலையில் கிடந்தது. இருமடங்கு விலை கொடுத்துத் திருப்பி வாங்கி, பட்டறைத் தரையில் செய்தித்தாள் விரித்துக் கொட்டி, இரவு பதினொரு மணிவரை த்ரெட் கேஜ் வைத்துப் பிரித்தோம். அறுபத்திரண்டு தேறியது. பின் ஆக்ஸில் நட்டு மட்டும் அதில் இல்லை. அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.