மலை வேட்டைக்குத் தயாராகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையில் நாலைந்து நாள் தங்கி வேட்டையாடப் போகிறவர்கள் மாதக்கணக்கில் துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த ஸ்கோப் (துப்பாக்கியின் மேல் பொருத்தும் குறிநோக்கி), எந்தத் தோட்டா, எத்தனை மீட்டர் தூரம் என்று பேச்சு போகும். காலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் பயணம் கெடுவது பெரும்பாலும் முழங்காலில், குதிகாலில், மூச்சில்தான்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. களைத்துப்போய், கை நடுங்க ஒருவர் சுடும் குண்டு, விலங்கைக் கொல்லாமல் காயப்படுத்திவிடும். அது ஓடிப்போய் எங்கோ ஒரு புதரில் நாள் கணக்கில் துடித்துச் சாகும். உரிமம் வாங்கி, பருவம் பார்த்து, சட்டப்படி வேட்டைக்குப் போகிறவருக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. அதனால் உடற்பயிற்சியையும் குறிப் பயிற்சியையும் நான் தனித்தனியாகப் பார்ப்பதே இல்லை. குறி தப்பாமல் இருக்கத்தான் உடம்பைத் தேற்றுகிறோம்.

கடைசி மாதத்தில் ஆரம்பிப்பது

கிளம்ப நாலு வாரம் இருக்கும்போது திடீரென்று உற்சாகம் வந்து, தினமும் ஒரு மணி நேரம் ஓடத் தொடங்குபவர்களைப் பார்க்கலாம். இரண்டாவது வாரம் குதிகால் வலி, மூன்றாவது வாரம் ஓய்வு, நாலாவது வாரம் பயணம். தசை ஓரளவு சீக்கிரம் வலுவாகிவிடும். தசைநாண்களும் மூட்டைப் பிடித்திருக்கும் நார்களும் அவ்வளவு வேகமாகத் தேறாது. உடம்பு லேசாகிவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் அவை முறுக்கிக்கொள்ளும்.

குறைந்தது 12 வாரம் வேண்டும். நெடுநாளாக உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் என்றால் ஆறு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். நேரத்தையும் சுமையையும் வாரத்துக்குப் பத்து சதவீதம் போலக் கூட்டிக்கொண்டு போனால் போதும். ஒவ்வொரு நாலாவது வாரத்திலும் கொஞ்சம் குறைத்து உடம்புக்கு மூச்சு விடுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், புகைப்பவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாத உடம்பு குளிரில் திடீரென்று கடும் உழைப்பில் இறங்கினால் மாரடைப்பு வரும் ஆபத்து கூடும். செங்குத்தான சரிவில் கனத்தை இழுத்துக்கொண்டு ஏறும்போது இதயம் எந்த அளவுக்கு அடித்துக்கொள்ளும் என்பது சமதளத்தில் நடக்கும்போது தெரியவே தெரியாது.

எப்போதும் மூச்சிரைக்கப் பயிற்சி செய்வது

வேட்டை என்பது நூறு மீட்டர் ஓட்டம் இல்லை. காலை இருட்டில் கிளம்பி, எட்டு பத்து மணி நேரம் மெதுவாக ஏறி, நின்று, தொலைநோக்கியில் பார்த்து, மறுபடி ஏறுவது. அடுத்த நாளும் அதேதான். இதற்கு வேண்டியது நீண்ட நேரம் தாங்கும் மூச்சு. அது மெதுவான, நீளமான நடையில்தான் வளரும். பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் அளவு. வாரப் பயிற்சியில் பெரும்பகுதி இந்த வேகத்தில் இருக்கட்டும். மூச்சு முட்டும் கடும் பயிற்சி ஒருநாளோ இரண்டு நாளோ போதும். தினமும் உயிரைக் கொடுத்து ஓடுகிறவர், மெதுவாக நாலு மணி நேரம் ஏற வேண்டிய இடத்தில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏறப் பழகிவிட்டு, இறங்க மறப்பது

எல்லோரும் செய்யும் தவறு இதுதான். ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அதனால் அதைத்தான் கஷ்டம் என்று நினைக்கிறோம். இறங்கும்போது மூச்சு சாதாரணமாக இருப்பதால், கால் படும் பாடு அந்த நேரத்தில் தெரிவதில்லை.

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, நீண்டுகொண்டே இழுத்துப் பிடித்து பிரேக் போடுகிறது. ஒவ்வொரு அடியிலும் உங்கள் எடையும் பையின் எடையும் அந்தத் தசையின் மேல் விழுகின்றன. நீளும்போதே இழுபடும் தசையின் நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகும். வலி உடனே வராது. 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் இறங்கியதற்கான தண்டனை இரண்டாம் மூன்றாம் நாளில், அதாவது வேட்டையின் முக்கியமான நாட்களில் வந்து சேரும்.

என் முதல் பயணத்தில் நான் ஏற்றத்துக்கு நன்றாகவே தயாராகியிருந்தேன். ட்ரெட்மில்லைச் சரிவாக வைத்து மூன்று மாதம் நடந்திருந்தேன். அந்த ட்ரெட்மில்லில் ஏற்றம் மட்டும்தான் உண்டு, இறக்கமே கிடையாது என்பது எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை கூடாரத்திலிருந்து எழுந்து நிற்க, பக்கத்திலிருந்த பாறையைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஓடை வரைக்கும் இறங்க வேண்டும், இருபது அடிகூட இருக்காது. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்காலுக்கு மேலே தொடை தானாக நடுங்கியது. கையை வைத்து அழுத்தினேன், கைக்குக் கீழேயும் நடுங்கியது. அன்று நான் முகாமை விட்டு நகரவே இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், உடம்பு இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒருமுறை இறக்கத்தில் வலி பட்டுத் தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையை மிகக் குறைந்த சேதத்தோடு செய்யும். ஆகவே பயணத்துக்கு முன்பே அந்த வலியைப் பட்டுவிடுங்கள். மலை பக்கத்தில் இல்லையென்றால் மாடிப்படி போதும். படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். வீட்டில் ஒரு படியின் மேல் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் கால் தரையைத் தொடும்வரை மூன்று நாலு வினாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். பத்து முறை, இரண்டு பக்கமும். முதலில் சுமை இல்லாமல், அப்புறம் லேசான பையோடு. கடைசியாகச் செய்யும் நீண்ட இறக்கம் கிளம்புவதற்குப் பத்து பன்னிரண்டு நாளுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். ஊன்றுகோல் இரண்டு எடுத்துக்கொள்வதில் வெட்கமே வேண்டாம். முழங்காலில் இறங்கும் பாரத்தில் ஒரு பங்கைக் கை வாங்கிக்கொள்ளும்.

போகும் சுமையை மட்டும் கணக்கில் வைப்பது

கூடாரம், உணவு, உடை எல்லாம் சேர்த்து இருபது கிலோ என்று கணக்குப் போட்டு அதற்கே பழகுவார்கள். வேட்டை வெற்றியானால் திரும்பும் சுமை என்ன? எல்க் என்ற பெரிய மான் வகையை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த கிடா முன்னூறு கிலோவைத் தாண்டும். எலும்பை நீக்கிய பிறகும் ஏறத்தாழ எண்பது முதல் நூறு கிலோ கறி இருக்கும். ஒரு நடைக்கு முப்பது கிலோ தூக்கினால்கூட மூன்று நாலு நடை. பாதையே இல்லாத சரிவில், வெயில் ஏறிக் கறி கெடுவதற்குள் இத்தனையும் முடிய வேண்டும். தூக்க முடியாத இடத்தில் சுட்டுவிட்டுக் கறியைப் பாழாக்குவது பல இடங்களில் சட்டப்படி குற்றம், எங்கேயும் அது பாவம்.

உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்கோடு பையைத் தூக்க ஆரம்பியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று கிலோ கூட்டுங்கள். கேன்களில் தண்ணீர் நிரப்பி ஏறி, உச்சியில் கொட்டிவிட்டு இறங்கினால் முழங்காலுக்கு நல்லது. கனமான சுமையோடு இறங்குவதைக் கடைசி வாரங்களில் இரண்டு மூன்று முறை செய்தால் போதும். பையின் பாரம் இடுப்புப் பட்டையில் உட்கார வேண்டும், தோளில் தொங்கக் கூடாது. கனமான பொருள் முதுகை ஒட்டி இருக்கட்டும். பளுவை முதுகில் கட்டிக்கொண்டு ஓட வேண்டாம், நடங்கள்.

பூட்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புது பூட்ஸோடு கிளம்பாதீர்கள். அதே பூட்ஸ், அதே காலுறை, அதே சுமையோடு இரண்டு மாதமாவது நடந்திருக்க வேண்டும். குதிகாலில் சூடாக உறுத்த ஆரம்பித்தால் அடுத்த வளைவு வரைக்கும் பார்க்கலாம் என்று நடக்காமல் அப்போதே நின்று டேப் ஒட்டுங்கள்.

மேசையில் உட்கார்ந்து மட்டும் சுட்டுப் பழகுவது

துப்பாக்கிப் பயிற்சிக் களத்தில் மேசை இருக்கும், மணல் பை இருக்கும், நாற்காலி இருக்கும். நூறு மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு நாணயத்துக்குள் விழும். அது துப்பாக்கி சரியாக இருக்கிறது என்பதற்கான சான்று. உங்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் மேசையில் அப்படித்தான் சுடுவார். மலையில் ஒருநாள், ஒரு முகட்டை அவசரமாக ஏறி முடித்ததும் எதிர்ச் சரிவில் ஒரு கிடா தெரிந்தது. சாய்ந்து படுக்க இடமில்லை, புல் முழங்கால் உயரம். மண்டியிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினார். மூச்சு வாங்கும் ஒவ்வொரு முறையும் குழல் ஏறி இறங்குவது பக்கத்திலிருந்த எனக்கே தெரிந்தது. ஸ்கோப்பின் குறுக்குக்கோடு மானின் தோளிலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து வானத்துக்கும் போய் வருகிறது என்று முணுமுணுத்தார். விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டார். கிடா நிதானமாகப் புதருக்குள் போய்விட்டது. அன்று அவர் செய்ததில் சரியான காரியம் அந்த விரலை எடுத்ததுதான். ஊருக்குத் திரும்பியதும் மேசையை விட்டு எழுந்து பழக ஆரம்பித்தார்.

எப்படிப் பழகுவது? சுடும் இடத்தில் துப்பாக்கியை, தோட்டா இல்லாமல், தோட்டா போடும் அறை திறந்தபடி வைத்துவிடுங்கள். களப் பொறுப்பாளரின் அனுமதியோடு, வெறுங்கையாகத் தள்ளிப் போய் இருபது முறை உட்கார்ந்து எழுந்து, வேகமாக நடந்து வந்து, ஒரு நிமிடத்துக்குள் ஒரே ஒரு குண்டு சுடுங்கள். மண்டியிட்டு ஒன்று, உட்கார்ந்து ஒன்று, முதுகுப்பையின் மேல் சாய்த்து ஒன்று, ஊன்றுகோல்களைக் குறுக்காகப் பிடித்து ஒன்று. மூச்சை விட்டு முடித்து அடுத்த மூச்சு தொடங்கும் முன் இயல்பாக ஓர் இடைவெளி வரும், விசையை அப்போது அழுத்த வேண்டும். பிடிவாதமாக மூச்சை அடக்கினால் பத்து வினாடிக்குள் பார்வை மங்கி நடுக்கம் கூடும். அடக்குவதை விட்டு, இன்னும் இரண்டு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

20 சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வரையுங்கள். மூச்சிரைக்க வந்து, அன்று இன்னும் சுடாத குளிர்ந்த குழலோடு சுடும் முதல் குண்டு, எந்தத் தூரம் வரைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வட்டத்துக்குள் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. சில பேருக்கு அது 120 மீட்டராக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். துப்பாக்கி 400 மீட்டர் சுடும் என்பது துப்பாக்கியின் பெருமை.

சரிவில் சுடும்போது இன்னொரு கணக்கு உண்டு. குண்டு எவ்வளவு தாழும் என்பது கிடைமட்டத் தூரத்தைப் பொறுத்தது. 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்றால் சுமார் 260 மீட்டருக்குச் சுடுவதுபோல் குறி வைக்க வேண்டும். மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் இதுதான், முழுத் தூரத்துக்கும் குறி வைத்தால் குண்டு மேலே போய்விடும்.

வில் எடுத்துப் போகிறவர்கள், வேட்டைக்கான அகன்ற அலகு அம்புகளைக் கொண்டே கடைசி வாரங்களில் பழக வேண்டும். பயிற்சி அம்பு விழும் இடத்தில் அவை விழாமல் போகலாம். அன்று போடப்போகும் தடித்த சட்டையோடு, பை மாட்டியபடி, மண்டியிட்டு இழுத்துப் பாருங்கள். நாண் சட்டைக் கையில் உரசுவது அப்போதுதான் தெரியவரும்.

வீட்டிலும் நிறையப் பழகலாம். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, துப்பாக்கி காலியா என்று இரண்டு முறை பார்த்து, ஆபத்தில்லாத திசையில் நீட்டி, விசையை மட்டும் இழுங்கள். சில துப்பாக்கிகளை வெறுமையாக இழுத்தால் தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி பழுதாகும் என்பதால், உங்களுடையதற்கு அது ஒத்துவருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தினம் பத்து நிமிடம் போதும்.

உடம்பு வலுவாக இருந்தால் உயரம் ஒன்றும் செய்யாது என்று நம்புவது

செய்யும். 2500 மீட்டருக்கு மேலே போனால் யாருக்கும் உயரநோய் வரலாம். நன்றாகப் பயிற்சி பெற்றவர் வேகமாக ஏறிவிடுவதால் அவருக்கே முதலில் வருவதும் உண்டு. 3000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒருநாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வு எடுப்பதுதான் பொதுவான வழிமுறை. தலைவலி, குமட்டல் என்றால் அதற்குமேல் ஏறக் கூடாது. தள்ளாட்டம், பேச்சுத் தடுமாற்றம், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல் என்றால் இருட்டானாலும் இறங்கிவிட வேண்டும்.

ஒத்திகை இல்லாமல் கிளம்புவது

கடைசி வாரம் விட்டதைப் பிடிக்கிற வாரம் இல்லை. பத்து நாளுக்கு முன்பே பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்குங்கள். கிளம்ப மூன்று நாலு வாரம் இருக்கும்போது இரண்டு இரவு ஒத்திகைப் பயணம் ஒன்று போய்வர வேண்டும். முழுப் பை, அதே பூட்ஸ், அங்கே சாப்பிடப்போகும் அதே சாப்பாடு. இரண்டாம் நாள் காலை, பையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, எங்கே வலிக்கிறது, எது உரசுகிறது, எது மறந்துபோனது என்று எழுதிக்கொள்ளுங்கள். சரிசெய்ய இன்னும் மூன்று வாரம் கையில் இருக்கும்.