விற்பனை எத்தனை சதவீதம் உயர்ந்தது என்று கணக்கிடுவது எப்படி?

புதிய காலத்தின் விற்பனைத் தொகையிலிருந்து பழைய காலத்தின் தொகையைக் கழித்து, கிடைக்கும் வித்தியாசத்தைப் பழைய தொகையால் வகுத்து, நூறால் பெருக்கினால் உயர்வின் சதவீதம் கிடைக்கும். கணக்கு இவ்வளவுதான். எந்த இரண்டு தொகைகளை எடுத்து ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது.

தமிழ்நாட்டின் ஒரு ஜவுளிக்கடையில் 2023 அக்டோபரில் 14,00,000 ரூபாய்க்கும் 2024 அக்டோபரில் 21,00,000 ரூபாய்க்கும் விற்பனை நடந்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 7,00,000, அதை 14,00,000 ஆல் வகுத்தால் 0.5, ஆகவே உயர்வு 50 சதவீதம். கால்குலேட்டரில் 21 ஐ 14 ஆல் வகுத்து, வரும் 1.5 இல் ஒன்றைக் கழித்தாலும் இதே விடைதான். அவசரத்தில் புதிய தொகையால் வகுத்துவிட்டால் 33.3 சதவீதம் என்று வரும். அது 21 லட்சம் மீண்டும் 14 லட்சமாக இறங்கினால் ஏற்படும் சரிவின் அளவே அன்றி, உயர்வின் அளவு அன்று.

இந்த 50 சதவீதத்தை முதலாளியிடம் சொல்வதற்கு முன் நாட்காட்டியைப் பார்த்துவிடுவது நல்லது. 2023 இல் தீபாவளி நவம்பர் 12 அன்று வந்தது. 2024 இல் அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டது. ஆகவே, பில் போடுபவருக்கு மூச்சுவிட நேரமில்லாத அந்தக் கடைசிப் பதினோரு நாள் வியாபாரம் முதல் ஆண்டில் நவம்பர் கணக்கிலும், அடுத்த ஆண்டில் அக்டோபர் கணக்கிலும் ஏறியிருக்கும். மாதத்தை விட்டுவிட்டு, அன்றாட விற்பனைப் பதிவிலிருந்து பண்டிகைக்கு முந்தைய 30 நாட்களை, அதாவது 2023 இல் அக்டோபர் 13 முதல் நவம்பர் 11 வரையிலும் 2024 இல் அக்டோபர் 1 முதல் 30 வரையிலும், தனியே கூட்டிப் பார்க்க வேண்டும். அவை முறையே 20,00,000, 20,70,000 என்று வந்தால், உண்மையான உயர்வு 3.5 சதவீதம்தான். ஐம்பதை நம்பி மறு ஆண்டுக்குச் சரக்கு எடுத்தவரின் பணம் அலமாரியில் முடங்கியிருக்கும்.

2025 இல் தீபாவளி அக்டோபர் 20 என்பதால் அவ்வாண்டின் 30 நாட்கள் செப்டம்பர் 20 இல் தொடங்கும். ஆனால் செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதம் மாறியது. 1,500 ரூபாய்ச் சட்டைக்கு அதுவரை 12 சதவீத வரி சேர்ந்து 1,680 ரூபாய் பில் வந்தது. பிறகு 5 சதவீதம் சேர்ந்து 1,575 ரூபாய் ஆயிற்று. அதே விலையில் அதே எண்ணிக்கையில் சட்டைகள் விற்றிருந்தாலும், வரியோடு கூட்டிய தொகை 6.25 சதவீதம் சரிந்ததாகக் காட்டும். எனவே இரு காலத்துக்கும் வரியை நீக்கி, வாடிக்கையாளர் திருப்பிக் கொடுத்த சரக்கின் மதிப்பையும் கழித்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பழைய காலத்தில் திறக்கப்படாதிருந்த கிளைக்குச் சதவீதம் கிடையாது, ஏனெனில் பூஜ்யத்தால் வகுக்க முடியாது. அங்கே தொகையை மட்டும் எழுதி, சதவீதக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிடலாம்.