"டீமுக்கு செட் ஆக மாட்டார்": ஆள் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக நிறுவனம் தொடங்கியவர்களோடு அடிக்கடி உட்கார்ந்து பேசுகிறேன். "எல்லாத் தரப்பு ஆட்களும் வேணும்னுதான் தேடுறோம். வர்றவங்கதான் நம்ம டீமுக்கு செட் ஆக மாட்டேங்கிறாங்க" என்று போன வாரமும் ஒருவர் சொன்னார். பத்து வருடங்களுக்கு முன் இதையே நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கு நான் கொடுத்த விலையை அவரும் கொடுக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரே வேலைக்கு ஆணுக்கொரு சம்பளம், பெண்ணுக்கொரு சம்பளம் கொடுப்பது, மதத்தையோ நிறத்தையோ பார்த்து ஆளைத் தள்ளுவது இதெல்லாம் தவறு என்று இங்கே விளக்கப்போவதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு முதலாவதற்கு 1951லும் அடுத்ததற்கு 1958லும் உடன்படிக்கையே கொண்டுவந்துவிட்டது. நான் சொல்ல வருவது, நல்ல எண்ணம் உள்ளவர்களும் செய்கிற தவறுகள்.

செட் ஆவாரா என்று பார்ப்பது

மென்பொருளைச் சோதிக்கும் வேலைக்கு ஆள் தேடினோம். ஒருவர் வந்தார். கேள்வி கேட்டதும் உடனே பதில் சொல்ல மாட்டார். கேள்வியை ஒரு சின்ன நோட்டில் எழுதி, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பதில்கள் எல்லாம் சரி. ஆனால் அந்த அமைதி எங்களுக்குச் சங்கடமாக இருந்தது. அவர் போனதும் கூட இருந்தவர், "நல்லாத்தான் பண்ணார், ஆனா..." என்று இழுத்தார். "செட் ஆக மாட்டார்" என்று நான் முடித்துவைத்தேன். படிவத்திலும் அதையே எழுதினேன். எங்களில் இரண்டு பேர் படித்த கல்லூரியிலேயே படித்த, கலகலப்பான இன்னொருவரை எடுத்துக்கொண்டோம்.

அடுத்த வருடம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு மென்பொருளைக் கொடுத்தோம். அவர்களிடம் பார்வையற்ற ஊழியர்கள் இருந்தார்கள். எங்கள் மென்பொருளில் மவுஸ் இல்லாமல் ஒரு பட்டனைக்கூட அழுத்த முடியவில்லை. நாங்கள் ஆறு பேரும் ஒரே மாதிரி வேலை செய்து பழகியவர்கள். கீபோர்டை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. வாடிக்கையாளர் அதுவரை காத்திருக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் பழைய படிவங்களைப் புரட்டினேன். அந்த நோட்டுக்காரர் நேர்காணலின் கடைசியில் எங்களிடம் கேட்டது என் கையெழுத்திலேயே இருந்தது: "மவுஸ் இல்லாமல் இதை ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?" பக்கத்தில் நான் குறித்திருந்தது, "கேள்வி அதிகம் கேட்கிறார்." இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

"செட் ஆவது" என்பதற்கு அளவுகோல் எதுவும் கிடையாது. நமக்குப் பழக்கமான பேச்சு, பழக்கமான வேகம், பழக்கமான பெயர் இருந்தால் செட் ஆகிறார் என்று மனம் சொல்கிறது. பொருளாதார அறிஞர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் வந்த வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். 2004இல் முடிவு வெளியானது. வெள்ளையர் பெயர் போலத் தெரிந்த விண்ணப்பங்களுக்கு, கறுப்பினத்தவர் பெயர் போலத் தெரிந்தவற்றைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகமான அழைப்புகள் வந்தன. முகத்தைப் பார்க்காமல், குரலைக் கேட்காமல், வெறும் பெயருக்கே இப்படி. அரைமணி நேரம் எதிரே உட்கார்ந்து பேசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் பிறகு மாற்றியது இதுதான். நேர்காணலுக்கு முன்பே ஐந்தாறு கேள்விகளை எழுதிவைத்து, எல்லோரிடமும் அதே வரிசையில் கேட்கிறோம். தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முன் ஒவ்வொருவரும் தனித்தனியாக மதிப்பெண் போட்டுவிட வேண்டும். முதலாளி கடைசியில்தான் பேச வேண்டும். நான் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அதையே ஒட்டிப் பேசுவார்கள். யாராவது "செட் ஆக மாட்டார்" என்றால், "எந்த வேலை அவருக்கு வராது? எந்தப் பதிலில் அது தெரிந்தது?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருவதில்லை. இது சும்மா நியாயத்துக்காக மட்டும் செய்வதல்ல. 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட கட்டுரையிலும், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலைவிட இப்படித் திட்டமிட்டு நடத்துவதே வேலைத்திறனை நன்றாகக் கணித்தது.

தேர்வை மென்பொருளிடம் விட்டுவிடுவது

விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள், நாம் முன்பு யாரையெல்லாம் எடுத்தோம் என்று பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. பத்து வருட விண்ணப்பங்களை வைத்து அமேசான் பழக்கிய ஒரு கருவி பெண்களுக்கு மதிப்பெண் குறைத்தது 2018இல் வெளியே வந்தது.

சேர்த்த ஒருவரையே முகமாக்குவது

குழுவில் ஒரே ஒரு பெண் இருப்பார். இணையதளப் படத்தில் அவர், நேர்காணல் குழுவில் அவர், மகளிர் தினக் கூட்டத்தில் பேசுவதும் அவர். வருடக் கடைசியில் "உங்கள் வேலை கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது" என்று அவரிடமே சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். அவர் எதுவும் பேசாமல் மேசையிலிருந்த நாட்காட்டியை என் பக்கம் திருப்பினார். அந்த மாதத்தில் ஒன்பது நாட்கள் நான் கொடுத்த இந்தக் கூடுதல் வேலைகளுக்கே போயிருந்தன. கூட்டத்தில் மிகச் சிறுபான்மையாக இருப்பவரை ஒரு தனி ஆளாகப் பார்க்காமல் அவர் சார்ந்த பிரிவு முழுவதற்குமான மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கான்டர் 1977இலேயே விளக்கியிருக்கிறார். அந்த வேலைகள் அவசியம் என்றால் மதிப்பீட்டில் சேருங்கள். இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

கட்டாயமாக ஒருநாள் பயிற்சி

பாகுபாடு கூடாது என்று எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பெடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பது. சமூகவியலாளர்கள் ஃபிராங்க் டாபின், அலெக்சாண்ட்ரா கலேவ் இருவரும் 800க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் விவரங்களை ஆராய்ந்தார்கள். மேலாளர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கிய இடங்களில் ஐந்து வருடம் கழித்து, மேலாளர்களில் கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு மூத்தவர் ஒரு புதியவரின் வளர்ச்சிக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடு நல்ல பலன் தந்திருந்தது. உங்களிடம் இருக்கும் நேரத்தை அதற்குச் செலவிடுங்கள்.

வசதி கேட்டால் சலுகை என்பது

மாற்றுத்திறனாளிக்குத் தேவையான, நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடுதான் என்கிறது 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை.

வேலை நேரம் முடிந்த பிறகு முடிவெடுப்பது

குழந்தையை அழைக்கப் போனவருக்கு மறுநாள் காலையில்தான் தெரிகிறது.

ராஜினாமா செய்த பிறகு காரணம் கேட்பது

போகிறவர் உண்மையைச் சொல்ல மாட்டார். அவருக்கு நற்சான்று வேண்டும். சேர்ந்த ஆறாவது மாதத்திலேயே, அவருடைய மேலாளர் அல்லாத ஒருவர் தனியாக உட்கார்ந்து பேசட்டும். "எல்லாம் நல்லா போகுதா?" என்று கேட்டால் "நல்லா போகுது" என்றுதான் பதில் வரும். நான் இப்போதெல்லாம் வேறு ஒன்று கேட்கிறேன்: "கூட்டத்தில் சொல்ல வந்து, சொல்லாமல் விட்டது கடைசியாக எது?" கேட்டுவிட்டு, அவர் பேசும்வரை காத்திருக்கிறேன்.